ஒரு வீசம் நிலம்: எஸ்டேட் மக்களின் காய்கறி நிலமும் நம் பள்ளித் தோட்டமும்



பள்ளியில் ஒரு காய்கறித் தோட்டம் போட வேண்டும், வீட்டிலும் பசுமையான வாழ்க்கை முறையைப் பழக வேண்டும் என்னும் ஆர்வம் நம்மிடையே பெருகியிருக்கிறது. அதற்கு வழிகாட்டும் நூல்களைத் தேடினால் முதலில் கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இங்கிலாந்தில் எழுதப்பட்டவை. அந்நாட்டில் ஊராட்சிகள் நிலத்தைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. அப்பங்குக்கு 'அலாட்மென்ட்' என்று பெயர். பனி விழும் மாதம் எது, உருளைக்கிழங்கு நடும் மாதம் எது என்றெல்லாம் அந்நூல்கள் விரிவாகச் சொல்லும். ஆண்டு முழுதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஜொகூரில் அவற்றை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

ஆனால் அந்த 'அலாட்மென்ட்' நமக்குப் புதிதன்று. நம் தாத்தா பாட்டிமார் ரப்பர் எஸ்டேட்டுகளில் வாழ்ந்த காலத்தில் அவர்களுக்கும் அப்படியொரு நிலம் சட்டத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. அந்நிலத்தின் வரலாற்றை அறிந்துகொண்டால், இன்று நாம் போடும் தோட்டத்துக்கு எது தேவை என்பதும் தெளிவாகும். அதற்காகவே இக்கட்டுரை.

வீசம் என்னும் அளவு

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் 1923ஆம் ஆண்டை நன்கு அறிவார்கள். கூட்டு மலாய் மாநிலங்களில் அவ்வாண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் எஸ்டேட்டில் நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று விதித்தது. எஸ்டேட் தமிழ்ப்பள்ளிகள் பல்கிப் பெருகியதற்கு அவ்விதி ஒரு முக்கியக் காரணம்.

போருக்கு முந்திய அதே தொழிலாளர் சட்டங்களில் இன்னொரு விதியும் இருந்தது. அதை இன்று நினைவில் வைத்திருப்போர் குறைவு. குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் என்னும் கணக்கில், பயிரிடவும் மாடு மேய்க்கவும் எஸ்டேட் நிலம் ஒதுக்க வேண்டும் என்பதே அவ்விதி.

பதினாறில் ஒன்று என்பதற்கு நம் மொழியிலேயே பெயர் உண்டு. பழந்தமிழ்ப் பின்ன வாய்பாட்டில் அதை 'வீசம்' என்பர். 'மாகாணி' என்றும் சொல்வர். ஆக, ஒரு குடும்பத்துக்கு வீசம் ஏக்கர். இன்றைய அளவில் ஏறத்தாழ 253 சதுர மீட்டர், அல்லது 2,722 சதுர அடி. சில வகுப்பறைகளின் பரப்பு அதற்குள் அடங்கிவிடும்.

இங்கே ஒரு வியப்பான ஒற்றுமையைக் காண்கிறோம். இங்கிலாந்தின் ஒதுக்கு நிலத்துக்கு மரபாக வழங்கிவரும் அளவு பத்து 'ராட்'. ஒரு சதுர ராட் என்பது ஓர் ஏக்கரில் 160இல் ஒரு பங்கு. பத்து ராட் என்றால் 16இல் ஒரு பங்கு. அதாவது இங்கிலாந்துத் தொழிலாளியின் காய்கறி நிலமும் மலாயா எஸ்டேட் தொழிலாளியின் காய்கறி நிலமும் ஏட்டளவில் ஒரே பரப்பு. மாணவர்களுக்குப் பின்னமும் பரப்பளவும் கற்பிக்கும்போது இக்கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம்; கணிதமும் வரலாறும் ஒருங்கே விளங்கும்.

பரப்பு ஒன்று, உரிமை வேறு

பரப்பு ஒன்றாக இருந்தாலும் அந்நிலத்தின் மேல் இருந்த உரிமை ஒன்றாக இல்லை. இக்கட்டுரையின் மையக் கருத்து இதுதான்.

இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் கேட்டால் ஒதுக்கு நிலம் தேடித் தரும் கடமையை ஊராட்சிகளின் மேல் சுமத்தியது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகையை முடிக்க முன்னறிவிப்பு வேண்டும் என்றும், பயிருக்கு இழப்பீடு உண்டு என்றும் வகுத்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒதுக்கு நிலமென்றே வாங்கப்பட்ட நிலத்தை ஓர் ஊராட்சி விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ விரும்பினால் அமைச்சரின் இசைவைப் பெற்றாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அந்நாட்டு ஒதுக்கு நிலங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 14 லட்சத்தை எட்டியது. பின்னர்ப் பல அழிந்தன. எனினும் எஞ்சியவை இன்றுவரை நிலைத்திருப்பதற்கு அச்சட்டங்கள் ஒரு காரணம்.

ஜெர்மனியின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. லைப்சிக் நகரில் 1864ஆம் ஆண்டு ஹவுஷில்ட் என்னும் பள்ளித் தலைமையாசிரியர் பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த ஒரு சங்கத்தைத் தொடங்கினார். ஷ்ரேபர் என்னும் மருத்துவரின் நினைவாக அதற்குப் பெயரிட்டனர். நகரப் பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடம் வேண்டும் என்பதே அச்சங்கத்தின் நோக்கம். கெசெல் என்னும் ஆசிரியர் அவ்விளையாட்டுத் திடலின் ஓரத்தில் பிள்ளைகளுக்குச் சிறு பாத்திகள் அமைத்துக் கொடுத்தார். பிள்ளைகள் விளையாடப் போய்விட, பாத்திகளைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்கினர். அவையே நாளடைவில் குடும்பத் தோட்டங்களாயின. இன்று ஜெர்மனி முழுதும் 'ஷ்ரேபர் தோட்டம்' என வழங்கும் இயக்கத்தின் வேர், நாம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று சொல்லும் அமைப்பைப் போன்ற ஒன்றில்தான் இருக்கிறது. அதற்கும் நிலம் குத்தகைக்கு எடுக்கப்பட்டிருந்தது. சங்கம் அதைக் காத்தது.

எஸ்டேட் தொழிலாளியின் வீசத்துக்கு அத்தகைய காப்பு இல்லை. நிலம் கம்பெனியுடையது. தொழிலாளி வேலையில் இருக்கும்வரை பயிரிடலாம். வேலை போனால் லயத்து வீடும் போகும், காய்கறி நிலமும் போகும். அவன் நட்ட முருங்கைக்கும் தென்னைக்கும் பத்திரம் கிடையாது. சட்டம் சொல்லியதாலேயே எல்லா எஸ்டேட்டிலும் அது ஒரே மாதிரி நடந்துவிட்டது என்றும் கருத வேண்டாம். நிர்வாகம் எந்த நிலத்தை ஒதுக்கியது, அது லயத்துக்கு அருகிலா, தொலைவிலா, மண் எப்படிப்பட்டது என்பவற்றைப் பொறுத்தே பயன் அமைந்தது.

லயத்துப் பின்புறத்தில்

நம் நாட்டுத் தமிழில் 'தோட்டம்' என்றால் எஸ்டேட் என்றே பொருள். 'தோட்டப்புறம்', 'தோட்டப் பள்ளி', 'தோட்டத் தொழிலாளர்' என்றெல்லாம் வழங்குகிறோம். தமிழகத்தில் காய்கறி விளையும் இடத்தைக் குறித்த சொல்லை, இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் ரப்பர்க் காடு எடுத்துக்கொண்டது. காய்கறி விளையும் இடமோ லயத்தின் பின்புறமாகச் சுருங்கியது.

ஆயினும் அந்தப் பின்புறத்தில் ஒரு முழு உழவறிவு குடிகொண்டிருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால் மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்து வீடு திரும்பியபின் பிற்பகலே காய்கறி நிலத்துக்குரிய நேரம். கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், அவரை, பூசணி ஆகியவை பாத்திகளிலும் பந்தல்களிலும் வளர்ந்தன. வேலியோரத்தில் முருங்கையும் அகத்தியும், வீட்டருகில் கறிவேப்பிலையும் இருந்தன. தண்ணீர் வடியும் இடத்தில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் படர்ந்தன. மாட்டுச் சாணமும் விறகடுப்புச் சாம்பலும் எருவாயின. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்குப் போனது. நன்கு முற்றிய காயை விதைக்கென விட்டு, உலர்த்தி, சாம்பல் கலந்து எடுத்துவைத்தனர்.

இன்று 'மறுபயன்பாடு', 'இயற்கை உரம்', 'விதைப் பாதுகாப்பு' என்று பயிலரங்குகளில் கற்பிக்கப்படுபவை இவைதாம். அன்று அவற்றுக்குத் தனிப் பெயர் தேவைப்படவில்லை. கூலி குறைந்த வீட்டில் ஒன்றையும் வீணாக்க முடியாது என்பதே காரணம். ஆகவே அவ்வாழ்க்கையை இனிமையானதென்று வருணித்துவிடக் கூடாது. அதில் இருந்த அறிவை மட்டும் நாம் மதித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரிசி வராத நாட்கள்

அந்த வீசத்தின் அருமை பஞ்ச காலங்களில் வெளிப்பட்டது. மலாயா தான் உண்ணும் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்தே வாழ்ந்தது. ரப்பர் விற்ற பணத்தில் அரிசி வாங்குவதே நாட்டின் ஏற்பாடு. முதல் உலகப் போர் முடிந்ததும், 1919 முதல் 1921 வரை கடும் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது அந்த ஏற்பாட்டின் பலவீனம் தெரிந்தது. எஸ்டேட்டுகளில் உணவுப் பயிர் இட வேண்டும் என்ற பேச்சும் அக்காலத்தில் வலுத்தது. ஆனால் அரிசி மீண்டும் வரத் தொடங்கியதும் வேகம் தணிந்தது.

அடுத்த சோதனை 1942இல் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் கப்பல்கள் நின்றன. அரிசிப் பங்கீடு சுருங்கிக்கொண்டே போனது. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அன்றாட உணவாயின. காலியிடங்களிலெல்லாம் உணவுப் பயிர் இடுமாறு ஆட்சியாளர் வற்புறுத்தினர். ஜொகூரின் வடகிழக்கில் உள்ள எண்டாவில், சிங்கப்பூரிலிருந்து சீனக் குடும்பங்களைக் கொண்டுவந்து 1943ஆம் ஆண்டு ஓர் உழவுக் குடியேற்றமே அமைத்தனர்.

எஸ்டேட் தமிழர்க்கு அது இருமடங்கு கொடிய காலம். உழைக்கும் வயது ஆண்கள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. லயத்தில் எஞ்சிய பெண்களும் முதியோரும் பிள்ளைகளும் பின்புறத்து மண்ணை நம்பியே உயிர் பிழைத்தனர். முருங்கைக் கீரையும் மரவள்ளியும் அப்போது எத்தனை குடும்பங்களைக் காத்தன என்பதற்குக் கணக்கேடு இல்லை. உங்கள் குடும்பத்து முதியோரைக் கேட்டால், அவர்கள் தம் தாய் தந்தையரிடம் கேட்ட ஒரு கதையாவது சொல்வார்கள்.

நிலம் கை நழுவிய வரலாறு

போர் முடிந்து அமைதி நிலைக்கும் முன்பே 1948இல் அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு சென்று சேரக் கூடாது என்பதற்காக உணவுக் கட்டுப்பாடு கடுமையாக்கப்பட்டது. ஜொகூரில் அது மிகக் கடுமையாக நடந்தது. சிதறியிருந்த லயங்கள் ஒன்று சேர்க்கப்பட்டு முள்வேலி இடப்பட்டன. வேலிக்கு அப்பாலும் காட்டோரத்திலும் இருந்த பயிர் ஐயத்துக்குரியதாயிற்று. தன் பசிக்கு நட்ட மரவள்ளியே ஒருவனைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடிய காலம் அது.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் தொடங்கியது. வெள்ளையர் கம்பெனிகள் தம் எஸ்டேட்டுகளை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி மீண்டும் விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆய்ந்து நூலாக்கினார். எஸ்டேட் கைமாறியபோது லயமும் காய்கறி நிலமும் சேர்ந்தே கைமாறின. தலைமுறை தலைமுறையாகப் பண்படுத்திய மண்ணுக்குத் தொழிலாளியால் ஒரு காசு கேட்க முடியவில்லை. இந்நிலை கண்டே 1960ஆம் ஆண்டு துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பங்குதாரராகி, தாமே எஸ்டேட்டுக்கு உரிமையாளராகும் முயற்சி அது. நிலமின்றி வாழ்வுக்கு உறுதி இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவாகவே தேவைப்பட்டது. 2006ஆம் ஆண்டு இஸ்கண்டார் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டபின் ஜொகூர் பாரு, கூலாய் பகுதிகளில் நகரமயமாதல் மேலும் விரைந்தது. எஸ்டேட் இருந்த இடங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. மக்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். வீசம் ஏக்கர் இருந்த குடும்பத்துக்கு இப்போது மாடி முகப்பில் நான்கு பூந்தொட்டி வைக்கவே இடம் போதவில்லை.

கடலுக்கு அப்பால் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே தேசியப் பூங்காக் கழகம் 2017இல் ஒதுக்கு நிலத் திட்டத்தை விரிவாகத் தொடங்கியது. ஒரு பாத்தியின் அளவு 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். நம் பாட்டனாரின் வீசத்தில் அது நூறில் ஒரு பங்கு! ஆயினும் அவ்வளவு சிறிய பாத்தியும் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகை ஒப்பந்தத்தோடுதான் வழங்கப்படுகிறது. எத்தனை ஆண்டுக்கு அம்மண் தன் பொறுப்பில் இருக்கும் என்பது பயிரிடுபவருக்குத் தெரியும்.

பச்சைப் புத்தகம் முதல் இன்று வரை

நம் நாட்டிலும் அரசு அவ்வப்போது மக்களைப் பயிரிட அழைத்திருக்கிறது. உலகெங்கும் உணவு விலை ஏறிய 1974ஆம் ஆண்டில் பிரதமர் துன் அப்துல் ரசாக் 'பச்சைப் புத்தகத் திட்டத்தை' அறிவித்தார். வெறுமனே கிடக்கும் நிலத்திலும் வீட்டு முற்றத்திலும் காய்கறி நடுங்கள் என்பது அதன் அறைகூவல். மூத்த ஆசிரியர்கள் பலர் தம் மாணவப் பருவத்தில் பள்ளி வளாகத்தில் கொத்திக் கிளறிய பாத்திகளை நினைவுகூர்வார்கள். 2006இல் 'பூமி ஹிஜாவ்' திட்டம் வந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது மக்கள் யாரும் சொல்லாமலே தொட்டிகளில் கீரை விதைத்தார்கள்.

நெருக்கடி வந்தால் விதைப்பதும், நெருக்கடி தீர்ந்தால் மறப்பதும் 1919 முதல் தொடர்ந்துவரும் வழக்கம். நடுவதற்கு ஆர்வம் எப்போதும் கிடைக்கிறது. நிலைப்பதற்கு வேண்டிய ஏற்பாடுதான் கிடைப்பதில்லை.

நமக்குக் கிடைக்கும் துணைகள்

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு, ஜொகூரில் பள்ளித் தோட்டமோ குடியிருப்புத் தோட்டமோ தொடங்குவோர் எங்கெங்கே துணை தேடலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, நில உரிமை. பள்ளி வளாகம் என்றால் தலைமையாசிரியரின் இசைவும் பள்ளி வாரியத்தின் இசைவும் எழுத்தில் இருக்கட்டும். இடமாற்றம் வந்தாலும் தாள் பேசும். தாமானில் உள்ள காலி நிலம் என்றால் அது யாருடையது என்பதை ஊராட்சி மன்றத்திலும் மாவட்ட நில அலுவலகத்திலும் கேட்டறியுங்கள். அரசு நிலத்தில் பயிரிடத் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெறும் வழி 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தில் உண்டு. அவ்வுரிமம் அவ்வாண்டு இறுதியோடு முடியும், புதுப்பிக்க வேண்டும். ஆகவே அங்கே பலா நட்டுக் காத்திருப்பதைவிடக் கீரையும் வெண்டையும் நடுவதே அறிவுடைமை.

இரண்டாவது, உழவு அறிவு. மாவட்டந்தோறும் வேளாண்மைத் துறை அலுவலகம் இருக்கிறது. குடியிருப்புத் தோட்டங்களுக்கும் பள்ளித் தோட்டங்களுக்கும் அத்துறை வழிகாட்டுகிறது. 1969இல் நிறுவப்பட்ட மார்டி ஆய்வுக் கழகம் நம் மண்ணுக்கும் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற காய்கறி வகைகளையும் சாகுபடி முறைகளையும் பற்றிப் பல கையேடுகளை வெளியிட்டுள்ளது. அவை மலாய் மொழியில் உள்ளன. உயர்நிலை மாணவர்களைக் கொண்டு ஒரு பக்கத்தைத் தமிழாக்கம் செய்யச் சொன்னால் மொழிப் பயிற்சியும் ஆகும்.

மூன்றாவது, பசுமை வாழ்வுப் பயிற்சி. இஸ்கண்டார் வட்டாரத் தொடக்கப்பள்ளிகளுக்கென 2013இல் தொடங்கப்பட்ட சூழல் வாழ்வுப் போட்டியில், மாணவர்கள் தம் வீட்டு மின்சாரம், தண்ணீர், குப்பை ஆகியவற்றைத் தாமே கணக்கெடுத்துப் பயிற்சி நூலில் பதிவுசெய்தனர். அம்முறையை எந்தப் பள்ளியும் ஒரு குறிப்பேட்டைக் கொண்டே நடத்தலாம். ஜொகூரில் 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும். பிரித்த சமையற்கழிவை மூடிய தொட்டியில் காய்ந்த இலையோடு அடுக்கினால் எரு ஆகும். தண்ணீர் தேங்கும் பாத்திரம் ஒன்றுகூடத் தோட்டத்தில் கிடக்கக் கூடாது. ஏடிஸ் கொசு அதற்காகவே காத்திருக்கிறது.

நான்காவது, நம் மக்கள். எஸ்டேட்டில் வாழ்ந்து காய்கறி நிலம் வைத்திருந்த பாட்டிமாரும் தாத்தாமாரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எண்பதைக் கடந்தவர்கள் பலர். வடகிழக்குப் பருவமழையில் பாத்தியை எவ்வளவு உயர்த்த வேண்டும், புளிப்பேறிய செம்மண்ணை எப்படித் திருத்துவது, பாகற்பந்தலை எந்தத் திசையில் போடுவது என்பவை அவர்கள் கைகளில் இருக்கும் அறிவு. அவர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்க, அவர்கள் சொல்ல, ஆசிரியர் எழுதிக்கொள்ளட்டும். எந்த எஸ்டேட், எந்த ஆண்டு, என்ன பயிர், விதை எங்கிருந்து வந்தது என்னும் நான்கு கேள்விகள் போதும். வேறு எந்த அலுவலகத்தையும் அடுத்த ஆண்டு போய்ப் பார்க்கலாம். இவர்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியாது.

பள்ளியும் வீசம் நிலமும் ஒரே காலத்துச் சட்டங்களின் வழி நமக்கு வந்தவை. எஸ்டேட்டுகள் அழிந்தபோது பல தமிழ்ப்பள்ளிகளும் ஆபத்துக்குள்ளாயின. ஆனால் பெற்றோர் திரண்டனர், மனு எழுதினர், புது நிலம் கேட்டனர், பள்ளிகளை வேறிடம் மாற்றியேனும் காத்தனர். காய்கறி நிலத்துக்காக அப்படி யாரும் மனு எழுதவில்லை. அது லயத்தோடு சத்தமின்றிப் போய்விட்டது.

காத்த பள்ளியின் வளாகத்தில் இழந்த நிலத்தின் ஒரு சிறு பகுதியையாவது மீட்க நம்மால் முடியும். வீசம் முழுதும் வேண்டாம். இரண்டு பாத்தி போதும். இவ்வாண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். பொறுப்பாளர் பெயரையும் நிலத்தின் எல்லையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அதன்பின் விதையை நடுங்கள்.